வெள்ளமே வராத வெள்ளச் சேதம்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பாடத்திட்டக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

சிவில் இன்ஜினியரிங் பட்டப்படிப்புக்கான புதிய பாடத்திட்ட வரைவைப் பார்த்தேன். ஏழாவது செமஸ்டரில் விருப்பப் பாடமாக இருந்த 'கட்டுமானத் தோல்விகள்' அதில் இல்லை. அந்த இடத்தில் இன்னொரு மென்பொருள் பாடம் வந்து உட்கார்ந்திருக்கிறது. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் காரணம் கேட்டேன். மூன்று பதில்கள் கிடைத்தன. அந்தப் பாடத்தை எடுக்கிற மாணவர்கள் குறைவு என்றார் ஒருவர். கேம்பஸ் இன்டர்வியூவில் அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்றார் இன்னொருவர். மூன்றாமவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வீடு கட்டப் போகிற பிள்ளைகளுக்கு எதுக்குங்க இடிஞ்ச வீட்டுக் கதை? பயந்துடுவாங்க."

முதல் இரண்டும் நிர்வாக விஷயங்கள். அவற்றோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. மூன்றாவது பதிலைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இடிந்த ஒன்றின் கதையை மறைத்தவர்களில் நானும் ஒருவன். இதுவரை அதை எழுத்தில் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

1985ல் அரசுப் பாசனத் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தேன். 1988ல் என் பிரிவில் ஒரு சின்ன அணைக்கட்டு இருந்தது. 1920களில் கட்டியது. ஆற்றின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டாம். ஆறு அடி உயரத்துக்குத் தண்ணீரைத் தேக்கி இரண்டு பக்கமும் வாய்க்காலில் திருப்பிவிடும், அதன் வேலை அவ்வளவுதான். பிப்ரவரி மாதம். மேல்பக்கம் தண்ணீர் நிறைய நின்றது. கீழ்ப்பக்கம் ஆறு வெறும் மணலாகக் காய்ந்து கிடந்தது.

அங்கே ஒரு லஸ்கர், அதாவது அணைக்கட்டையும் வாய்க்காலையும் பார்த்துக்கொள்கிற கடைநிலை ஊழியர், இருந்தார். ஓய்வுபெற இரண்டு வருடம் பாக்கி. ஒரு நாள் காலையில் சைக்கிளில் ஆபீசுக்கு வந்து வாசலிலேயே நின்றுகொண்டார்.

"சார், ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க. ஊத்து கலங்குது."

எல்லா அணைக்கட்டிலும் கீழே கொஞ்சம் கசியத்தான் செய்யும் என்றேன். அவர் வாதாடவில்லை. சைக்கிளில் மாட்டியிருந்த தூக்குச்சட்டியை எடுத்துவந்து மூடியைத் திறந்தார். ஊற்றிலிருந்து மொண்டு வந்த தண்ணீர். ஆபீஸ் வருவதற்குள் தெளிந்திருந்தது. அடியில் மணல் படிந்து கிடந்தது.

"தெளிவா வந்தா வெறும் தண்ணி வருது சார். கலங்கி வந்தா தரையும் சேந்து வருது. நேத்து ஒரு சிட்டிகைதான் இருந்துச்சு. இன்னிக்கு ஒரு வெரக்கடை."

போய்ப் பார்த்தேன். காங்கிரீட் தளம் முடிகிற இடத்திலிருந்து நாலைந்து அடி தள்ளி, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஈரம். அதன் நடுவில் டம்ளர் வாய் அளவுக்கு ஒரு குழி. குழிக்குள் மணல் உலையில் அரிசி கொதிப்பதுபோலத் துள்ளிக்கொண்டிருந்தது. வெளியே வந்து விழுந்த மணல், சுற்றிலும் எறும்புப் புற்று மாதிரி வட்டமாகக் குவிந்திருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். பிடிமானமே இல்லாமல் மணிக்கட்டு வரை இறங்கியது. அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய சொல், நான்கு வருடம் முன்பு பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கிய சொல்தான்: 'பைப்பிங்'. தண்ணீர், அடி மணலை அரித்துக்கொண்டு பின்னோக்கிக் குழாய்போல வழி தோண்டுவது. விளக்கம் மனப்பாடமாகத் தெரியும். கண்ணெதிரே நடப்பது அதுதான் என்று எனக்குத் தெரியவில்லை.

மேலதிகாரியிடம் சொன்னேன். "சிமென்ட் மூட்டையப் போட்டு அடைச்சிடு, அடுத்த வாரம் வர்றேன்" என்றார். எட்டு மூட்டை போட்டு அடைத்தேன். மறுநாள் ஊற்று நின்றுவிட்டது. எனக்கு ஒரே பெருமை. லஸ்கர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி தளம் இருபது அடி நீளத்துக்கு மேலே தூக்கி, உடைந்து, உள்ளே இறங்கியது. விடிவதற்குள் தேங்கியிருந்த தண்ணீர் அத்தனையும் அந்த ஓட்டை வழியே போய்விட்டது. ஆள் சேதம் இல்லை. கடைமடையில் பின்பட்டத்தில் நட்டிருந்தவர்களுக்குக் கடைசித் தண்ணீர் கிடைக்காமல் போனது; அவர்கள் ஆபீசுக்கு வந்து கத்தினார்கள், அப்புறம் போய்விட்டார்கள்.

கோப்பில் நான் எழுதிய வரி இது: "எதிர்பாராத வெள்ளத்தால் அணைக்கட்டின் தளம் சேதமடைந்தது." அப்படி எழுதச் சொன்னார்கள், எழுதினேன். வெள்ளச் சேதம் என்றால் எஸ்டிமேட் சீக்கிரம் பாஸாகும், யாருக்கும் சார்ஜ் மெமோ வராது. அதே ஆபீசில், அதே அலமாரியில், மழைமானிப் பதிவேடு இருந்தது. அந்த பிப்ரவரி முழுக்க வரிசையாகப் பூஜ்யம். அதுவும் என் கையெழுத்துதான்.

லஸ்கரை யாரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் ஓய்வுபெற்றார். இப்போது அவர் இல்லை.

பல வருடங்கள் கழித்து, துறை நூலகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பழைய புத்தகத்தில் நரோராவைப் படித்தேன். கங்கையில், இன்றைய உத்தரப்பிரதேசத்தில் இருக்கிற அணைக்கட்டு. 1898 மார்ச்சில் உடைந்தது. மார்ச்சில் கங்கையில் என்ன வெள்ளம்? மேல்பக்கம் தண்ணீர் நின்றது, கீழ்ப்பக்கம் மட்டம் தாழ்ந்திருந்தது. 13 அடி வித்தியாசம். அந்த அழுத்தத்தில் அடியிலிருந்து கிளம்பிய ஊற்றுகள் தளத்தை மேலே தூக்கி உடைத்தன. வாசித்துவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் அணைக்கட்டுக்கு என்ன நடந்ததோ அதுதான், தொண்ணூறு வருடம் முன்பே, வரி வரியாக எழுதி வைக்கப்பட்டிருந்தது.

அதற்குச் சற்று முன்னால் செனாப் ஆற்றின் கான்கி அணைக்கட்டும் சேதமடைந்திருந்தது. அந்த இடம் இன்று பாகிஸ்தான் பஞ்சாபில் இருக்கிறது. அப்போது என்ன செய்தார்கள் என்பதைக் குழு உறுப்பினர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். கான்கியின் மணலை ரூர்க்கியில் இருந்த தாமசன் கல்லூரிக்கு, அதாவது இன்றைய ரூர்க்கி ஐ.ஐ.டி.யின் மூதாதைக்கு, கொண்டு போனார்கள். கல்லூரி முதல்வராக இருந்த கர்னல் கிளிபர்ன் அந்த மணலை நீளமான குழாய் ஒன்றில் நிரப்பி, ஒரு முனையில் தண்ணீரை அழுத்தி, வழி நெடுக அழுத்தம் எப்படிக் குறைகிறது என்று அளந்தார். ஒரு அணைக்கட்டு சேதமானதும் அதன் மணல் நேரே ஒரு இன்ஜினியரிங் கல்லூரிக்குப் போயிருக்கிறது. 1890களில். அந்த விஷயத்தைக் கல்லூரியிலிருந்து வெளியே அனுப்பலாமா என்று நாம் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.

இந்த அனுபவங்களை எல்லாம் சேர்த்து 1910 வாக்கில் டபிள்யூ. ஜி. பிளை என்கிற பாசனப் பொறியாளர் ஒரு விதி சொன்னார். தண்ணீர் தளத்தின் அடிப்பகுதியை ஒட்டியே ஊர்ந்து போகிறது. அது ஊர வேண்டிய தூரம், தேக்கும் உயரத்தைப்போல இத்தனை மடங்கு இருந்தால் போதும். இமயமலை ஆறுகளின் நுண்மணலுக்கு 15 மடங்கு, தென்னிந்திய ஆறுகளின் பருமணலுக்கு 12 மடங்கு. எளிமையான விதி. நாடு முழுக்க அதை வைத்துக் கட்டினார்கள். எங்கள் அணைக்கட்டையும் அப்படித்தான் கட்டியிருந்தார்கள்: ஆறு அடிக்கு 12 மடங்கு 72, கட்டியிருந்தது 80 அடி. கணக்கு சுத்தம்.

ஆனால் பிளை சொன்னபடி கட்டியவையும் தொல்லை கொடுத்தன. 1926-27ல் மேல் செனாப் கால்வாயின் சைபன்களில் (ஒரு நீரோட்டத்தை இன்னொன்றுக்கு அடியில் கொண்டுபோகிற அமைப்புகளில்) பிரச்சினை வந்தபோது ஏ. என். கோஸ்லா என்கிற பொறியாளரும் உடனிருந்தவர்களும் தளத்துக்கு அடியில் குழாய்களை இறக்கி, உண்மையில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று பார்த்தார்கள். பிளையின் விதி சொன்ன அளவோடு அது ஒத்துப்போகவில்லை. தளத்தின் நீளம் மட்டும் போதாது, தண்ணீர் வெளியே வருகிற கடைசி இடத்தில் அது எவ்வளவு விசையோடு மணலைத் தூக்குகிறது என்பதுதான் முக்கியம் என்று கண்டார்கள். அரிப்பு அந்த வால் முனையில் தொடங்கிப் பின்னோக்கி வருகிறது. எனவே கீழ்முனையில் போதிய ஆழத்துக்கு ஒரு தடுப்புச் சுவர் இல்லாமல் தீராது. 1936ல் கோஸ்லா, போஸ், டெய்லர் மூவரும் இதைப் புத்தகமாகவே வெளியிட்டார்கள். நம் மாணவர்கள் இன்றும் போடுகிற 'எக்ஸிட் கிரேடியன்ட்' கணக்கு, அதாவது தண்ணீர் வெளியேறும் முனையில் அழுத்தம் எவ்வளவு சடாரென்று இறங்குகிறது என்கிற கணக்கு, அங்கிருந்து வந்ததுதான்.

இதைப் படித்த அன்று ராத்திரியே எங்கள் அணைக்கட்டுக்குக் கோஸ்லாவின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கட்டியபோது கீழ்முனைச் சுவர் ஐந்து அடி ஆழம். அந்த நிலையில் எக்ஸிட் கிரேடியன்ட் கிட்டத்தட்ட ஏழரையில் ஒன்று. பருமணலுக்கு ஐந்தில் ஒன்று, ஆறில் ஒன்று வரை போகலாம் என்பார்கள், ஆகவே நல்ல பாதுகாப்பு. (ஏழரை என்றதும் சனி ஞாபகம் வரும். இங்கே மட்டும் ஏழரை நல்லது.) ஆனால் 1988க்குள் கீழ்ப்பக்கம் நான்கு அடி மணல் போய்விட்டது. வண்டி வண்டியாக, லாரி லாரியாக. அதில் கொஞ்சம் எங்கள் குவார்ட்டர்ஸ் கட்டவும் போயிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது ஆறு அடி உயரம் பத்து அடி ஆயிற்று. ஐந்து அடி ஆழச் சுவரில் மண்ணுக்குள் மிஞ்சியது ஒரு அடி. கணக்கு இரண்டில் ஒன்று என்று வந்தது. ஊற்று கொதிக்காமல் என்ன செய்யும்?

கோஸ்லாவைக்கூட விடுங்கள், பிளையின் பழைய விதிப்படியே பத்து அடிக்கு 120 அடி வேண்டும். இருந்தது 80. ஆறு மாறியது, யாரும் கணக்கை மறுபடி போடவில்லை.

க்யூபெக் பாலத்தின் கதையும் இதேதான், அளவில் மட்டும் பெரியது. கனடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மேல் கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுக் கண்ணின், அதாவது நடுவில் இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதியின், நீளத்தை 1600 அடியிலிருந்து 1800 அடியாகக் கூட்டினார்கள். பாலத்தின் சொந்த எடையைத் திரும்பக் கணக்கிடவில்லை. 1907 ஆகஸ்டில் அடிப்பகுதி உறுப்பு ஒன்று வளைவதை வேலை நடக்கும் இடத்தில் இருந்த இளம் பொறியாளர் நார்மன் மெக்லூர் கண்டார். முக்கால் அங்குலமாக இருந்த வளைவு இரண்டேகால் அங்குலம் ஆகியிருந்தது. தலைமை ஆலோசகர் தியோடர் கூப்பரை நேரில் பார்த்துச் சொல்ல நியூயார்க் போனார். கூப்பர் உடனே, இனிமேல் பாரம் ஏற்றாதீர்கள் என்று தந்தி அடித்தார். ஆனால் தந்தி போனது பாலம் இருக்கும் இடத்துக்கு அல்ல, பாலத்தைச் செய்த கம்பெனிக்கு. ஆகஸ்ட் 29 மாலை, வேலை முடியும் நேரத்தில் பாலம் சரிந்தது. 75 பேர் இறந்தார்கள்.

மெக்லூரைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தூக்குச்சட்டிதான் நினைவுக்கு வருகிறது. கீழே நிற்கிறவன் கண்ணில் முதலில் படுகிறது. அவன் சொல்வது மேலே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்து மற்றதெல்லாம் நடக்கிறது. இதை எந்தச் சமன்பாட்டிலும் வைத்து நடத்த முடியாது. கதையாகச் சொன்னால்தான் புரியும்.

சிமென்ட் மூட்டை விஷயத்துக்கும் ஒரு முன்னோடி உண்டு. கலிலியோ 1638ல் வெளிவந்த நூலில் ஒரு பளிங்குத் தூணைப் பற்றி எழுதியிருக்கிறார். படுக்கவைத்த தூண், இரண்டு முனையிலும் இரண்டு முட்டு. நடுவில் ஒடிந்துவிடுமோ என்று பயந்து, கெட்டிக்காரர் ஒருவர் நடுவிலும் ஒரு முட்டு வைக்கச் சொன்னார். எல்லோருக்கும் நல்ல யோசனையாகவே பட்டது. சில மாதம் கழித்து முனையில் இருந்த முட்டு ஒன்று நைந்து இறங்கியது. நடு முட்டு மட்டும் அசையாமல் நின்றது. தூண் சரியாக அந்த நடு முட்டின் மேலேயே ஒடிந்தது. நான் அடைத்த எட்டு மூட்டையும் அந்த நடு முட்டுதான். ஊற்றை அடைக்கக் கூடாது. தண்ணீருக்கு வழிவிட்டு மணலை மட்டும் பிடித்து நிறுத்த வேண்டும்: மேலே முதலில் மணல், அதன்மேல் சரளை, அதன்மேல் கல். சுற்றிலும் மணல் மூட்டையால் வளையம் கட்டி உள்ளே தண்ணீர் மட்டத்தை ஏற்றலாம். லஸ்கர் ஒருவேளை இதைத்தான் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இந்தப் பாடத்தை நான்கு வருடம் எடுத்தேன். முதல் நாள், "பிளை யாரு?" என்று கேட்டேன். "ஃபார்முலா சார்" என்றான் ஒரு பையன். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அவன் சொன்னதில் தப்பில்லை. நாம் அப்படித்தானே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். 12 என்கிற எண் மட்டும் அவனிடம் இருக்கிறது. அது எந்த ஆற்றில் எது உடைந்து வந்த எண் என்று தெரியாது. அதனால் எப்போது அது செல்லாது என்பதும் தெரியாது.

அந்த வகுப்பில் ஒரு நாள் கான்சாஸ் சிட்டி ஹோட்டலின் தொங்கு நடைபாதையைச் செங்கல் கட்டிக் காட்டினேன். 1981 ஜூலை 17 அன்று அது விழுந்து 114 பேர் இறந்தார்கள். நான்காம் மாடி நடைபாதையும் அதற்கு நேர் கீழே இரண்டாம் மாடி நடைபாதையும் ஒரே நீளக் கம்பியில் தொங்குவதாக முதலில் வரைந்திருந்தார்கள். வேலைக்குச் சௌகரியம் என்று கம்பியை இரண்டாக்கினார்கள்: ஒன்று கூரையிலிருந்து மேல் நடைபாதைக்கு, இன்னொன்று மேல் நடைபாதையிலிருந்து கீழ் நடைபாதைக்கு. அட்டைப்பெட்டித் துண்டு இரண்டை எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு செங்கல் வைத்து, முதலில் ஒரே சணல் கயிறு இரண்டையும் ஊடுருவிப் போகும்படி முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டோம். நின்றது. அப்புறம் கயிற்றை வெட்டி, கீழ் அட்டையை மேல் அட்டையிலேயே கட்டினோம். பொருள் அதே, எடை அதே. மேல் அட்டையில் முடிச்சு இருந்த இடம் கிழிந்து இரண்டு செங்கல்லும் தரையில் விழுந்தன. கடைசி பெஞ்சில் இருந்த பெண் எழுந்து வந்து கிழிந்த ஓட்டையை விரலால் தொட்டுப் பார்த்தாள். "ஒரு நட்டுல ரெண்டு மாடி எடை சார்" என்றாள். மென்பொருளில் இதைச் செய்துகாட்ட முடியாதா என்றால், முடியும். ஆனால் எந்த இணைப்பைச் சோதிக்க வேண்டும் என்று அதனிடம் யார் சொல்வது? எங்கள் அணைக்கட்டின் படுகை மட்டம் நான்கு அடி இறங்கிவிட்டது என்பதை எந்த மென்பொருளும் தானாகக் கண்டுபிடிக்காது. ஆற்றில் இறங்கி நிற்கிறவன்தான் சொல்ல வேண்டும்.

பயந்துவிடுவார்கள் என்ற பதிலுக்கு வருகிறேன். பயந்தால் என்ன? என் மாணவர்களில் யாரும் படிப்பை விட்டுவிட்டு ஓடவில்லை. சிலர் வேலைக்குப் போன இடத்திலிருந்து ராத்திரி பத்து மணிக்கு போன் போட்டு, "சார், சென்ட்ரிங் எப்ப பிரிக்கலாம்னு மேஸ்திரி அவசரப்படுத்துறார்" என்று கேட்கிறார்கள். நான் 1988ல் அப்படி யாரையாவது கேட்டிருக்கலாம்.

1847ல் இங்கிலாந்தில் டீ ஆற்றின் மேல் ராபர்ட் ஸ்டீபன்சன் கட்டிய ரயில் பாலம் உடைந்து ஐந்து பேர் இறந்தார்கள். வார்ப்பிரும்பில் செய்த உத்தரங்கள். அதைத் தொடர்ந்து, ரயில் பாலங்களில் இரும்பை எப்படிப் பயன்படுத்துவது என்று ஆராய அரசு ஆணையமே அமைத்தது. ஸ்டீபன்சன் அப்போதே நாடறிந்த பொறியாளர். மறைத்திருந்தால் மறைந்திருக்கும். ஒன்பது வருடம் கழித்து, 1856ல், அவரே சொன்னார்: பெரிய வேலைகளில் நேர்ந்த விபத்துகளையும், அவற்றை எப்படிச் சரிசெய்தார்கள் என்பதையும் உள்ளது உள்ளபடி எழுதி வைப்பதைவிட இளம் பொறியாளர்களுக்குப் பயனுள்ளது எதுவும் இல்லை, மிக வெற்றிகரமான கட்டுமானங்களின் வர்ணனையைவிட அதற்குத்தான் மதிப்பு அதிகம். கான்சாஸ் சிட்டிப் பொறியாளர் ஜாக் கில்லம் லைசென்ஸை இழந்தவர். அவரும் பின்னாளில் பொறியாளர்கள் கூடுகிற இடங்களில் அந்தக் கதையைத் தானே சொன்னார். நம் ஊரில் சஸ்பெண்ட் செய்வோம். பத்திரிகையில் படம் வரும். ஆறு மாதத்தில் திரும்ப வேலையில் சேர்த்துக்கொள்வோம். ஏன் உடைந்தது என்கிற காகிதம் மட்டும் அலமாரிக்குள் போய்விடும்.

நமக்குக் கற்றுக்கொள்ளும் மரபே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடுவது எப்படி என்பதை இந்த மண்ணின் பழைய கட்டுமானக்காரர்களிடமிருந்துதான் தெரிந்துகொண்டோம் என்று ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டனே எழுதியிருக்கிறார். அவர் 1836ல் முக்கொம்பில் கட்டிய மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி ஒன்பது மதகுகள் சரிந்தன. 182 வருடம் நின்ற ஒன்று ஏன் அந்த ராத்திரியில் விழுந்தது? அதன் அடியில் எத்தனை வருடமாக என்ன நடந்துகொண்டிருந்தது? திருச்சியில் ஒரு சிவில் மாணவன் வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிடக்கூடிய இடம். அவன் பாடப் புத்தகத்தில் அது இல்லை. 2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தார்கள். விசாரணை ஆணையமும் அமைத்தார்கள். என் மாணவர்களிடம் கேட்டேன். டிவியில் பார்த்த ஞாபகம் இருக்கிறது என்றார்கள், சின்ன வயதில். காரணம் கேட்டால், "ஏரிப் பக்கம் கட்டுனாங்க சார்" என்பதோடு நிற்கிறது. இதே சென்னையில் நாளைக்கு அஸ்திவாரம் போடப் போகிறவர்கள் அவர்கள்.

என் கோரிக்கைகள் இவை.

'கட்டுமானத் தோல்விகள்' பாடத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதுவும் விருப்பப் பாடமாக அல்ல, கட்டாயப் பாடமாக. எடுக்கிறவர்கள் குறைவு என்ற பிரச்சினையும் அதோடு தீர்ந்துவிடும். அதற்கு கிரெடிட் ஒதுக்க இடமே இல்லை என்றால், ஏற்கனவே இருக்கிற ஒவ்வொரு பாடத்திலும் விதியோடு அதன் பிறப்பையும் சேருங்கள். பாசனப் பொறியியலில் பிளையும் கோஸ்லாவும் வருகிற இடத்தில் கான்கியும் நரோராவும் வரட்டும். இரும்புக் கட்டுமானத்தில் க்யூபெக் வரட்டும். அதற்கு இரண்டு பக்கம் போதும். தேர்வில் 'வரையறு', 'விளக்குக' என்று கேட்பதற்குப் பதிலாக, விரிசல் விட்ட ஒரு உத்தரத்தின் படத்தைக் கொடுத்து, முதலில் எதைப் பார்ப்பாய், யாரிடம் சொல்வாய் என்று கேளுங்கள்.

அடுத்து, இந்த மாநிலத்தில் உடைந்த அணைக்கட்டுகள், தடுப்பணைகள், பாலங்கள், கட்டடங்கள் பற்றிய முடிந்துபோன விசாரணை அறிக்கைகளைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் துறைகளிடம் எழுதிக் கேளுங்கள். அதிகாரிகளின் பெயர்களை நீக்கிவிட்டுக் கொடுத்தாலும் போதும். எங்களுக்கு வேண்டியது படுகை மட்டமும் கம்பி அளவும்தான். தர மறுத்தால், அந்த மறுப்பையும் வெளியிடுங்கள்.

லஸ்கர்கள், மேஸ்திரிகள், கம்பி கட்டுகிறவர்கள் ஆகியோரை வருடத்துக்கு இரண்டு முறையாவது வகுப்புக்கு அழைத்துப் பேசவிடுங்கள். வெளியிலிருந்து வருகிற பேராசிரியருக்குத் தருகிற அதே மதிப்பூதியத்தை அவர்களுக்கும் தர வேண்டும்.

வரைவின் மீது கருத்துச் சொல்ல இந்த மாதக் கடைசி வரை அவகாசம் கொடுத்திருக்கிறீர்கள். அதற்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பாடம் திரும்ப வந்தால், முதல் வகுப்புக்கு 1988 அணைக்கட்டின் கதையை நானே எழுதித் தருகிறேன், என் பெயர் போட்டு. ஆற்றின் பெயரும் அதில் இருக்கும். என் கோப்பு வரியின் பிரதியும், அந்த பிப்ரவரி மாத மழைமானிப் பதிவேட்டின் பிரதியும் என்னிடம் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டுக் கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செயற்பொறியாளர் ஒருவர்
(பெயரும் முகவரியும் குழுவுக்கு அனுப்பிய பிரதியில் உள்ளன)